உலோக வினையூக்கியின் மேல் ஒட்டிய வாயு: திண்ம நிலை என்.எம்.ஆரில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது எப்படி?

உலோகத் துகள் மேல் ஒட்டியிருக்கும் கார்பன் மோனாக்சைடையோ ஹைட்ரஜனையோ திண்ம நிலை என்.எம்.ஆரில் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) பார்க்கும்போது எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை வெற்றிடக் குழாயிலும், கிளவ் பாக்ஸிலும் (காற்றுப் புகாத கையுறைப் பெட்டி), சாம்பிளைச் சுழற்றும் சிறு உருளையான ரோட்டரின் மூடியிலும் தொடங்குபவை. காந்தத்துக்குள் போன பிறகு அவை வெளியே தெரிகின்றன, அவ்வளவுதான். நிறமாலையில் ஏதோ சரியில்லை என்றதும் பல்ஸ் வரிசையை மாற்றத் தொடங்குபவர்கள் பல நாட்களை வீணாக்கிவிடுகிறார்கள். முதலில் சாம்பிளைச் சந்தேகியுங்கள்.

கீழே வரும் எண்கள் ஒரு குறிப்பிட்ட அமைப்புக்கானவை: 9.4 டெஸ்லா காந்தம் (புரோட்டான் 400 மெகாஹெர்ட்ஸ், கார்பன்-13 100.6 மெகாஹெர்ட்ஸ்), 4 மில்லிமீட்டர் சிர்கோனியா ரோட்டர், 10 கிலோஹெர்ட்ஸ் மாயக் கோணச் சுழற்சி (காந்தப் புலத்துக்கு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சாய்த்துச் சுழற்றுவது), சிலிக்கா அல்லது அலுமினா தாங்கியின் (உலோகத் துகள்கள் படிந்திருக்கும் அடிப்பொருள்) மேல் எடையில் 5 சதவீதம் பிளாட்டினம், கார்பன்-13 செறிவூட்டிய கார்பன் மோனாக்சைடு. இனி அதைச் சிஓ என்றே எழுதுகிறோம். இயற்கைச் சிஓவில் கார்பன்-13 வெறும் 1.1 சதவீதம்தான். செறிவூட்டாத வாயுவை வைத்து இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

மூன்று துணைச் சாம்பிள்கள் எப்போதும் கையில் இருக்கட்டும். ஒன்று, உலோகம் இல்லாத வெறும் தாங்கி. அதே ஒடுக்கம் (ஹைட்ரஜனில் சூடாக்கி உலோகமாக்குவது), அதே வெற்றிடம், அதே வாயு கண்டது. இரண்டு, அதே வினையூக்கி, ஆனால் வாயு ஏற்றாதது. மூன்று, எடை தெரிந்த அடமன்டேன், கருவியைச் சரிபார்க்கும் ஒப்பீட்டுப் பொருள். இந்த மூன்றும் இல்லாமல் கீழே உள்ள பல கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாது.

எதுவுமே தெரியவில்லை, வெறும் இரைச்சல்

முதலில் அடமன்டேனை வையுங்கள். அதன் கார்பன்-13 முகடுகளில் பெரிய பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு, முகட்டின் இடத்தைச் சொல்லும் அலகு) மதிப்புள்ளது டிஎம்எஸ் (டெட்ராமெத்தில்சிலேன்) அளவுகோலில் 38.48 பிபிஎம்மில் கூர்மையாக வந்தால் கருவி நலமாக இருக்கிறது. மாயக் கோணத்தைப் பொட்டாசியம் புரோமைடின் புரோமின்-79 சிக்னலில் சரிபார்த்துவிடுங்கள். சுழற்சி எதிரொலிகள் 10 மில்லிவிநாடி வரை நீள வேண்டும்.

அடுத்து எண்ணிப் பாருங்கள். இதைச் செய்யாமல் இரவெல்லாம் ஸ்கேன் ஓட்டுவதில் பயனில்லை. 4 மில்லிமீட்டர் ரோட்டரில் சுமார் 60 மில்லிகிராம் வினையூக்கி பிடிக்கும் என்று வையுங்கள். அதில் பிளாட்டினம் 3 மில்லிகிராம், அதாவது 15.4 மைக்ரோமோல். பாதி அணுக்கள் பரப்பில் இருந்தால் 7.7 மைக்ரோமோல். ஒரு பரப்பு அணுவுக்கு 0.8 சிஓ என்றால் ஏறக்குறைய 6 மைக்ரோமோல் கார்பன்-13. ஒரு மில்லிகிராம் அடமன்டேனில் உள்ள கார்பன்-13 சுமார் 0.81 மைக்ரோமோல். ஆகவே உங்கள் சாம்பிளில் இருப்பது ஏழரை மில்லிகிராம் அடமன்டேனுக்குச் சமமான அணுக்கருக்கள். அடமன்டேனில் அவை இரண்டு ஊசி முகடுகளில் குவிகின்றன. இங்கே 200 பிபிஎம் அகலத்திலும் அதன் பக்கப் பட்டைகளிலும் (சுழற்சி வேக இடைவெளியில் வரும் துணை முகடுகள்) சிதறிக் கிடக்கின்றன. உலோகப் பரவல் (பரப்பில் உள்ள அணுக்களின் பங்கு) 50 சதவீதம் இல்லாமல் 10 சதவீதம்தான் என்றால் சிக்னல் இன்னும் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். வேதிப் பரப்புக்கவர்ச்சி அளவீடு (உலோகம் எவ்வளவு வாயுவைப் பிடிக்கிறது என்பது) இல்லாத வினையூக்கியை என்.எம்.ஆருக்குக் கொண்டுவராதீர்கள்.

எண்ணிக்கை போதும் என்றால் மைய அதிர்வெண்ணைப் பாருங்கள். கரிமச் சேர்மப் பழக்கத்தில் அதை 100 பிபிஎம்மில் வைத்திருப்பீர்கள். பிளாட்டினம் மேல் ஒட்டிய சிஓ, உலோகத்தின் கடத்தும் எலக்ட்ரான்களால் வரும் நைட் பெயர்ச்சி காரணமாக, 300 முதல் 400 பிபிஎம் பகுதியில் அகலமாக விரிகிறது. பலேடியத்தில் 500 பிபிஎம்மையும் தாண்டிப் போகும். 90 டிகிரி பல்ஸ் 4 மைக்ரோவிநாடி என்றால் அதன் வலிமை 62.5 கிலோஹெர்ட்ஸ். மையத்திலிருந்து 60 கிலோஹெர்ட்ஸ் தள்ளி இருக்கும் ஒன்றை அது அரைகுறையாகத்தான் தொடும். 180 டிகிரி எதிரொலிப் பல்ஸ் அங்கே இன்னும் மோசம். மையத்தை 350க்கு நகர்த்துங்கள். பலேடியம் என்றால் 600க்கு. நிறமாலை அகலத்தையும் 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் திறந்துவிடுங்கள்.

பிறகு புரோபின் (காந்தத்துக்குள் ரோட்டரை ஏந்திப் பல்ஸ் கொடுக்கும் பகுதி) ஓய்வு நேரம். 20 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள சிக்னல் ஏறக்குறைய 16 மைக்ரோவிநாடியில் மூன்றில் ஒரு பங்காகத் தேய்கிறது. பல்ஸ் முடிந்து ரிசீவர் திறக்கவே 10 முதல் 20 மைக்ரோவிநாடி ஆகிறது. ஒற்றைப் பல்ஸில் பார்த்தால் பார்க்க வேண்டியது பதிவாகும் முன்பே போய்விடும். ஹான் எதிரொலி (இரண்டாவது பல்ஸால் சிக்னலைச் சற்றுப் பின்னர் மீட்டெடுப்பது) கட்டாயம். எதிரொலி இடைவெளி சுழற்சிக் காலத்தின் முழு மடங்காக இருக்க வேண்டும். 10 கிலோஹெர்ட்ஸில் 100 மைக்ரோவிநாடி. அதைப் பல்ஸின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்க வேண்டும். ஓரத்திலிருந்து அளந்தால் கட்டம் வளைந்து, அடிக்கோடு அலையும்.

இன்னொரு சாதாரண காரணம்: குறுக்கு முனைவாக்கத்தில் (ஹைட்ரஜனின் முனைவாக்கத்தைக் கார்பனுக்கு மாற்றும் முறை) அளந்திருப்பீர்கள். சிஓவில் ஹைட்ரஜன் இல்லை. பக்கத்து ஹைட்ராக்சில்களிலிருந்து முனைவாக்கம் கடந்துவந்தாலும் அது உலோகத்தின் நடுவில் இருப்பதைத் தொடாது. சிஓவுக்கு நேரடித் தூண்டல்தான். எத்திலீன் போன்ற ஹைட்ரஜன் உள்ள மூலக்கூறு அசையாமல் ஒட்டியிருந்தால் மட்டும் குறுக்கு முனைவாக்கம் உதவும்.

ஸ்கேன் இடைவெளியைப் பற்றி நல்ல செய்தி ஒன்று உண்டு. உலோகத்தின் மேல் உள்ள சிஓவின் டி1 (அணுக்கரு சமநிலைக்குத் திரும்பும் தளர்வு நேரம்) கடத்தும் எலக்ட்ரான்களால் குறுகிவிடுகிறது. அறை வெப்பநிலையில் ஒரு விநாடியின் சிறு பகுதிதான். அரை விநாடி இடைவெளியில் 20,000 ஸ்கேன் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். 30 விநாடி இடைவெளி வைத்து ஒரு வார இறுதியை இழக்கத் தேவையில்லை.

184 பிபிஎம் அருகே ஒரே ஒரு கூர்மையான முகடு. வேறு எதுவும் இல்லை

பெரும்பாலும் இது வாயு நிலையில் சுற்றித் திரியும் சிஓ. ஆனால் அயனி நிலையில் உள்ள உலோகத்தின் மேல் நேர்கோட்டில் ஒட்டிய கார்பனைலும் 180 முதல் 200 பிபிஎம்மில்தான் விழும். இரண்டையும் பிரிக்க எளிய வழி சுழற்சியை நிறுத்துவது. வாயு நின்ற நிலையிலும் கூர்மையாகவே இருக்கும். அதற்குப் பக்கப் பட்டையே கிடையாது. ஒட்டிய கார்பனைல் நிறுத்தினால் முந்நூறு பிபிஎம்முக்கு மேல் விரிந்து இரைச்சலில் கரைந்துவிடும், சுழற்றினால் பக்கப் பட்டைகளோடு திரும்பி வரும்.

வாயு என்று தெரிந்துவிட்டால் அளவைப் பாருங்கள். ரோட்டரில் காலி இடம் 50 மைக்ரோலிட்டர், அழுத்தம் 10 மில்லிபார் என்றால் வாயு நிலைச் சிஓ வெறும் 0.02 மைக்ரோமோல். ஒட்டியிருக்க வேண்டியதோ 6 மைக்ரோமோல், அதாவது முந்நூறு மடங்கு. வாயு முகடு ஓங்கி நிற்கிறது என்றால் ஒன்று நீங்கள் மிக அதிக அழுத்தத்தில் மூடியிருக்கிறீர்கள், அல்லது உலோகம் வாயுவைப் பிடிக்கவே இல்லை.

பிடிக்காததற்கு நான்கு காரணங்கள் அடிக்கடி வருகின்றன.

ஒடுக்கம் முடியவில்லை. நிமிடத்துக்கு 30 முதல் 50 மில்லிலிட்டர் ஹைட்ரஜன் ஓட்டத்தில், நிமிடத்துக்கு 2 முதல் 3 டிகிரி ஏற்றி, 350 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம் என்பது பிளாட்டினத்துக்கு நல்ல தொடக்கம். வேகமாக ஏற்றினால் வெளியேறும் நீராவியே துகள்களைச் சேர்த்துக் கட்டியாக்கும்.

ஹைட்ரஜன் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. ஒடுக்கிய பின் ஹைட்ரஜனிலேயே குளிரவிட்டால் பரப்பு முழுக்க ஹைட்ரஜன்தான். ஒடுக்கிய அதே வெப்பநிலையிலேயே வெற்றிடத்துக்கு மாற்றி, 10⁻⁵ மில்லிபார் வரும்வரை ஒன்று முதல் இரண்டு மணி நேரம் இழுத்து, வெற்றிடத்திலேயே குளிரவிடுங்கள். குளிர்ந்த பிறகு வால்வைத் திறந்து இழுப்பது போதாது.

காற்று பட்டுவிட்டது. ஒடுக்கிய பிளாட்டினம் ஆக்சிஜனை அறை வெப்பநிலையிலேயே பிடித்துக்கொள்ளும். அப்படியானால் அடுத்து வரும் அறிகுறியும் கூடவே தெரியும்.

தாங்கி டைட்டானியாவா? 500 டிகிரிக்கு மேல் ஹைட்ரஜனில் ஒடுக்கினால் டைட்டானியாவின் ஒடுங்கிய படலம் உலோகத்தின் மேல் ஏறி மூடிக்கொள்கிறது. சிஓவும் ஹைட்ரஜனும் ஒட்ட இடமே இருக்காது. டாஸ்டர் குழு 1978இல் விவரித்த வலுவான உலோக-தாங்கி இடைவினை இதுதான். உலோகம் ஒடுங்கியிருக்கும், துகள் சிறிதாகவும் இருக்கும், ஆனாலும் சிக்னல் வராது. 200 முதல் 300 டிகிரியில் ஒடுக்கிய இன்னொரு தொகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தாமிரம், தங்கம், வெள்ளி என்றால் கதை வேறு. அவற்றின் மேல் சிஓ மெலிதாகத்தான் ஒட்டும். அறை வெப்பநிலையில் வெற்றிடம் இழுத்தால் எல்லாம் போய்விடும். இது பிழை அல்ல, அந்த உலோகங்களின் இயல்பு. குளிர்ந்த நிலையில், வாயு அழுத்தத்தின் கீழேயே அளக்க வேண்டும்.

125 பிபிஎம்மில் கூர்மையான முகடு

கார்பன் டைஆக்சைடு. சந்தேகமே வேண்டாம், யாரோ சிஓவுக்கு ஆக்சிஜன் கொடுத்திருக்கிறார்கள். யார் என்பதுதான் கேள்வி.

மூடி வழியே காற்று கசிந்தால் பிளாட்டினத்தின் மேல் சிஓ அறை வெப்பநிலையிலேயே எரிந்துவிடும். இந்த முகடு மணிக்கு மணி வளர்ந்துகொண்டே போகும். அதே வேகத்தில் 300க்கு மேலுள்ள மேடு சரியும். சுழற்சிக்கு உலர் காற்றைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் நைட்ரஜனுக்கு மாறுங்கள். ரோட்டரைத் தாங்கும் (பேரிங்) வாயு, அதைச் சுழற்றும் ஓட்டு வாயு, வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வாயு மூன்றும் நைட்ரஜனாக இருக்க வேண்டும்; ஒன்றை விட்டாலும் பயனில்லை. சாதாரண ரோட்டர் மூடி வாயுவை அடைக்கச் செய்யப்பட்டதல்ல. பல மணி நேர அளவீட்டுக்கு ஓ-வளையம் உள்ள ரோட்டரோ, சுடரில் மூடிய கண்ணாடி ஆம்பூலோ வேண்டும்.

முதல் ஸ்பெக்ட்ரத்திலேயே இருந்து, பிறகு வளராமல் நின்றால், ஆக்சிஜன் உள்ளேயே இருந்தது என்று பொருள்: ஒடுங்காத உலோக ஆக்சைடு, அல்லது தாங்கியில் மிஞ்சிய நீர். நீரும் சிஓவும் உலோகத்தின் மேல் சேர்ந்தால் கார்பன் டைஆக்சைடும் ஹைட்ரஜனும் வரும். புரோட்டான் நிறமாலையில் 3 முதல் 5 பிபிஎம் அகன்ற நீர் முகட்டைத் தேடுங்கள்.

சாம்பிளைச் சூடாக்கிய பிறகுதான் வந்தது என்றால் இரண்டு சிஓ சேர்ந்து ஒரு கார்பனும் ஒரு கார்பன் டைஆக்சைடுமாகப் பிரிந்திருக்கும். ருத்தேனியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றில் இது குறிப்பாகத் தொல்லை தரும். பரப்பில் தங்கிய கார்பனும் கார்பன்-13தான் என்பதால், அதுவும் எங்கோ ஓர் அகன்ற மேடாகக் கணக்கில் சேர்ந்துகொள்ளும். சூடாக்கிய சாம்பிளில் மொத்தப் பரப்பளவு மாறவில்லை என்பதால் மட்டும் சிஓ பத்திரமாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள்.

160 முதல் 170 பிபிஎம்மில் அகன்ற மேடு, பக்கப் பட்டைகளோடு

தாங்கியின் மேல் உள்ள கார்பனேட், பைகார்பனேட், ஃபார்மேட். அலுமினாவில் மிகச் சாதாரணம், சிலிக்காவில் அரிது. வெறும் தாங்கிச் சாம்பிள் இங்கேதான் பயன்படும். அதில் இந்த மேடு இருந்தால் உலோகத்துக்குச் சம்பந்தமே இல்லை. அதில் இல்லாமல் வினையூக்கியில் மட்டும் இருந்தால் உலோகம் கார்பன் டைஆக்சைடைச் செய்து தாங்கிக்குக் கொடுத்திருக்கிறது. முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள்.

இவற்றின் டி1 நீளம். ஸ்கேன் இடைவெளியை 0.3 விநாடியாகச் சுருக்கினால் கார்பனேட் நிறைவுற்று மங்கும், உலோகச் சிஓ நிற்கும். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும்போது பிரிக்க இதைவிட மலிவான வழி இல்லை.

30, 110 பிபிஎம்களில், அல்லது பூஜ்ஜியத்தின் பக்கத்தில் தேவையில்லாத சிக்னல்

30இல் இருப்பது ஹைட்ரோகார்பன் கிரீஸ். பூஜ்ஜியத்தை ஒட்டி இருப்பது சிலிக்கோன் கிரீஸ். வெற்றிடக் குழாயின் தரைக்கண்ணாடி மூட்டுகளிலிருந்து ஆவியாக வந்து, சூடான வினையூக்கியின் மேல் படிகிறது. உலோகப் பரப்பையும் மூடிவிடுகிறது. கிரீஸ் இல்லாத வால்வுகளுக்கு மாறுவதுதான் நிரந்தரத் தீர்வு. 110 சுற்றிலும் பரந்து கிடப்பது டெஃப்லான், கெல்-எஃப் போன்ற ஃபுளோரின் பாலிமர். புரோபிலிருந்தோ மூடியிலிருந்தோ வருகிறது. வெஸ்பெல் (பாலிஇமைடு) மூடி 120 முதல் 170 வரை இன்னொரு மேட்டைச் சேர்க்கும், அது கார்பனேட் போலவே தோன்றும். வாயு ஏற்றாத வினையூக்கியை அதே ரோட்டர், அதே மூடி, அதே ஸ்கேன் எண்ணிக்கையில் அளந்து கழித்துவிடுங்கள்.

மேடு இருக்கிறது, ஆனால் வடிவமே இல்லை

இந்தத் துறையின் உண்மையான கடினமும் சுவையும் இங்கேதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் நீங்கள் பார்ப்பது பக்கப் பட்டையா, மையமா என்று தீர்மானியுங்கள். 10 கிலோஹெர்ட்ஸ் சுழற்சியில் பக்கப் பட்டைகள் 99.4 பிபிஎம் இடைவெளியில் விழும். 190இல் உள்ள கார்பனைலின் பக்கப் பட்டைகள் 289இலும் 388இலும் வரும். பிளாட்டினம் சிஓ எதிர்பார்க்கும் அதே பகுதி! வேகத்தை 8 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்து, எதிரொலி இடைவெளியை 125 மைக்ரோவிநாடியாக்கி மறுபடி அளவிடுங்கள். நகர்வது பக்கப் பட்டை, நகராதது மையம். வெப்பநிலை மட்டும் கொஞ்சம் மாறும் என்பதை மனத்தில் வையுங்கள்.

மையம்தான் என்று தெரிந்தும் அகலம் குறையவில்லையா? சுழற்சி, வேதிப் பெயர்ச்சியின் திசைச் சார்பைத்தான் அழிக்கும். பெயர்ச்சி மதிப்பே இடத்துக்கு இடம் மாறுபட்டால் அதைத் தொடாது. துகளின் விளிம்பு, மூலை, சமதளம் ஒவ்வொன்றிலும் உள்ளூர் எலக்ட்ரான் அடர்த்தி வேறு. ஒவ்வொரு துகளின் அளவும் வேறு. ஆகவே நைட் பெயர்ச்சியே ஒரு பரவல். வேகத்தை 10இலிருந்து 20 கிலோஹெர்ட்ஸாக்கினாலும் அது அப்படியேதான் இருக்கும். இன்னும் வேகமான புரோபுக்குச் செலவு செய்யும் முன் இதை எண்ணிப் பாருங்கள்; சிறிய ரோட்டரில் சாம்பிளும் குறையும்.

அந்த மேடு உண்மையில் உலோகத்துடையதா என்று உறுதிப்படுத்த ஒரு சோதனை போதும். கடத்தும் எலக்ட்ரான்களால் நடக்கும் தளர்வுக்கு டி1ஐ வெப்பநிலையால் பெருக்கினால் மாறிலி வரும், கொரிங்கா உறவு. அறை வெப்பநிலையில் ஒரு முறை, 150 கெல்வின் அருகே ஒரு முறை டி1 அளவிடுங்கள். வெப்பநிலை பாதியானபோது டி1 இரட்டிப்பானால் சிஓவுக்குக் கீழே உலோகம் இருக்கிறது. ஏறத்தாழ மாறாமலோ, முற்றிலும் வேறு விதமாகவோ நடந்தால் அது உலோகத் தன்மை இல்லாத கார்பனைல், அல்லது அசைவினால் வரும் தளர்வு. சார்லஸ் ஸ்லிச்டர், ஜான் சின்ஃபெல்ட் ஆகியோரின் குழு 1980களில் பிளாட்டினத் துகள்களில் இந்த உறவைப் பயன்படுத்தித்தான் ஒட்டிய சிஓவின் மூலக்கூறு ஆர்பிட்டலோடு உலோக எலக்ட்ரான்கள் கலக்கின்றன என்று காட்டியது.

அறை வெப்பநிலையில் சிஓ துகள் மேல் நகரவும் செய்யும். நகர்வின் வேகம் சுழற்சி வேகத்துக்கு அருகே வந்தால் எதிரொலியின் டி2 (அது தேயும் நேரம்) குறுகி, சிக்னல் மர்மமாகக் காணாமல் போகும். அகலம் அதே, உயரம் மட்டும் பாதி என்றால் இதைச் சந்தேகியுங்கள். 100 முதல் 150 கெல்வினுக்குக் குளிர்வித்தால் நகர்வு உறைந்து சிக்னல் மீளும். குளிர்வித்ததற்கு போல்ட்ஸ்மன் காரணியால் கிடைக்கும் கூடுதல் வலுவைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.

வெப்பநிலையை வாயு வரும் குழாயின் தெர்மோகப்பிள் சொல்வதாக நம்ப வேண்டாம். உராய்வால் ரோட்டருக்குள் வெப்பம் கூடுகிறது. ஈய நைட்ரேட்டின் ஈயம்-207 சிக்னல் ஒரு டிகிரிக்கு சுமார் 0.75 பிபிஎம் நகரும். அதே வேகத்தில், அதே வாயு ஓட்டத்தில் அதை அளந்து ஓர் அட்டவணை செய்து வையுங்கள்.

நேற்று பார்த்த நிறமாலை இன்று இல்லை

ரோடியத்தில் 300க்கு மேல் இருந்த மேடு சரிந்து 180 பிபிஎம்மில் கார்பனைல் வளர்ந்தால் கசிவைத் தேடாதீர்கள். சிறு ரோடியத் துகள்களைச் சிஓவே உடைத்து, தாங்கியின் ஹைட்ராக்சில்களின் துணையோடு இரட்டைக் கார்பனைல் கொண்ட தனித்தனி ரோடியம் அயனிகளாக மாற்றுகிறது. அகச்சிவப்பில் சாதாரணச் சிஓவுக்கு 2095, 2030 செ.மீ.⁻¹ அருகே இரட்டைப் பட்டை இதற்குச் சான்று. கார்பன்-13 என்றால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 45 முதல் 50 வரை கீழே இறங்கும். வாயு ஏற்றியதும் சீக்கிரம் அளந்துவிடுவதோ, சாம்பிளைக் குளிரில் வைப்பதோதான் வழி.

நிக்கலில் 192 பிபிஎம் பக்கம் மிகக் கூர்மையான முகடு முளைத்தால் உடனே நிறுத்துங்கள். அது நிக்கல் டெட்ராகார்பனைல். 43 டிகிரியில் கொதிக்கும், மிகக் கொடிய நஞ்சு. ரோட்டரைக் காற்றோட்ட அலமாரிக்கு வெளியே திறக்கவே கூடாது. நிக்கலே இல்லாத சாம்பிளில் 210 அருகே ஊசி முகடு வந்தால், சிஓவை எஃகு உருளையில் வைத்ததால் சேர்ந்த இரும்பு பென்டாகார்பனைல் அது. சில பத்து மில்லிபார் அழுத்தத்தில் வாயுவைத் திரவ நைட்ரஜன் பொறி வழியே விட்டால் இரும்புக் கார்பனைலும், நீரும், கார்பன் டைஆக்சைடும் அங்கே தங்கும். 77 கெல்வினில் அந்த அழுத்தத்தில் சிஓ உறையாமல் கடந்துவிடும்.

நிக்கல், கோபால்ட், இரும்பு: சிக்னல் எங்குமே இல்லை

ஒடுங்கிய ஃபெரோகாந்தத் துகளை ஒட்டிய அணுக்கருவின் சிக்னல் காணமுடியாத அளவுக்கு விரிகிறது. தொலைவில் உள்ள தாங்கியின் சிக்னலும் மங்குகிறது. பல்ஸ் வரிசை எதுவும் இதைத் திருத்தாது. தாங்கியின் மேல் என்ன நடக்கிறது என்பதை மட்டும் பார்க்கலாம். உலோகத்தின் மேலுள்ள வாயு வேண்டுமென்றால் வேறு உலோகத்தையோ வேறு முறையையோ தேர்ந்தெடுங்கள்.

ரோட்டர் சுழலவில்லை, அல்லது புரோப் டியூன் ஆகவில்லை

ஆம்பூல் என்றால் மூடிய முனை மையத்தில் இல்லை. உருக்கும்போது கழுத்தைச் சுற்றிச் சமமாகச் சூடாக்கி, நேராக இழுக்க வேண்டும். ஆம்பூலுக்கும் ரோட்டருக்கும் இடையே உலர்ந்த அலுமினாவை இறுக்கி, 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸோடு நிறைவடையுங்கள். மூடும்போது சாம்பிளைத் திரவ நைட்ரஜனில் வைத்து, உள்ளே அழுத்தம் வளிமண்டலத்துக்குக் கீழே இருப்பதை அழுத்தமானியில் பார்த்த பிறகே சுடரைக் கொண்டுபோங்கள்; மீறினால் உருகிய கண்ணாடி வெளியே ஊதிக்கொள்ளும்.

கார்பன் தாங்கி மின்சாரம் கடத்தும். 90 டிகிரி பல்ஸ் நீளும், புரோட்டான் டியூன் சரியாக இறங்காது, சுழலும்போது சுழிப்பு மின்னோட்டத்தால் சாம்பிள் சூடாகும். உலர்ந்த சிலிக்காவோடு ஒன்றுக்கு மூன்று எடையில் கிளவ் பாக்ஸுக்குள் கலந்து, பல்ஸ் நீளத்தை அந்தச் சாம்பிளிலேயே மறுபடி அளவிடுங்கள்.

ஹைட்ரஜன் ஏற்றினோம், 2 பிபிஎம் முகடு மட்டும்தான்

அது சிலிக்காவின் ஹைட்ராக்சில். உலோகத்தின் மேலுள்ள ஹைட்ரஜன் எதிர்ப்பக்கம் போகிறது: பிளாட்டினத்தில் மைனஸ் 20 முதல் மைனஸ் 50, ருத்தேனியத்தில் மைனஸ் 60 பிபிஎம் வரை. மையத்தை அங்கே வையுங்கள், எதிரொலி எடுங்கள். ஹைட்ராக்சிலைக் குறைக்க, உலோகம் ஏற்றிய சாம்பிளை 200 முதல் 300 டிகிரியில் டியூட்டீரியத்தில் (கன ஹைட்ரஜன்) மூன்று நான்கு முறை மாற்றி மாற்றி நனைத்து வெற்றிடம் இழுங்கள்.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. பிறகு ஏற்றும் ஹைட்ரஜன் உலோகத்தின் வழியே தாங்கிக்கு வழிந்து, டியூட்டீரியம் ஏறிய ஹைட்ராக்சிலை (ஓடி) மறுபடி சாதாரண ஹைட்ராக்சில் (ஓஎச்) ஆக்கும். உலோக முகடு குறைந்து 2 பிபிஎம் முகடு வளர்வதைப் பார்த்தால் காரணம் இதுதான், கசிவு அல்ல. அறை வெப்பநிலைக்கு மேலே போகாதீர்கள், சீக்கிரம் அளவிடுங்கள்.

உலோக முகடு அழுத்தத்தோடு நகர்ந்தால் பதறத் தேவையில்லை. வாயு ஹைட்ரஜனும் பரப்பு ஹைட்ரஜனும் வேகமாக இடம் மாறுவதால் சராசரியான ஒரே முகடு வருகிறது; பரப்பு நிறையும்போது பெயர்ச்சியும் மாறுகிறது. அழுத்தத்தைக் குறிப்பிடாத பெயர்ச்சி எண் யாருக்கும் பயன்படாது. ஏற்றிய அளவையும், சமநிலை அழுத்தத்தையும், வெப்பநிலையையும் நிறமாலைக் கோப்பின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

பிளாட்டினத்தையே பார்க்க முயன்றால் எதுவும் வரவில்லை

பிளாட்டினம்-195 33.8 சதவீதம் இயற்கையில் உண்டு. குறை அங்கே இல்லை. துகளின் உள்ளே இருக்கும் பிளாட்டினம் 1.138 காஸ்/கிலோஹெர்ட்ஸிலும், வாயு ஒட்டிய பரப்புப் பிளாட்டினம் 1.100 காஸ்/கிலோஹெர்ட்ஸிலும் விழுகிறது. 9.4 டெஸ்லாவில் இந்த இடைவெளி ஏறக்குறைய 3 மெகாஹெர்ட்ஸ். எந்த ஒற்றைப் பல்ஸும் அதை மூடாது. மைய அதிர்வெண்ணை 50 முதல் 100 கிலோஹெர்ட்ஸ் படிகளில் நகர்த்தி, ஒவ்வொரு படியிலும் புரோபை மறுபடி டியூன் செய்து, எதிரொலித் தொடராக அளந்து, கிடைக்கும் உயரங்களை வரைபடமாக ஒட்டுங்கள். சுழற்சி தேவையில்லை, நின்ற சாம்பிளே போதும், குளிர்ந்தால் இன்னும் நல்லது. டியூனை ஒரு படியில் மறந்தாலும் அங்கே ஒரு பொய்ப் பள்ளம் விழும். அதைப் பரப்புப் பிளாட்டினம் குறைந்ததாகப் படித்துவிடாமல், அந்தப் படியை மட்டும் மறுபடி அளந்து பாருங்கள்.